மூடியைத் திறந்து பார்ப்போம்



கவிதைகளும் கோயில் கட்டுரைகளும் இடம்பெறும் நமது மலரில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிய ஒரு விஷயத்தைக் கொண்டு வந்து வைக்கிறேன், பொறுத்தருள வேண்டும். 38 ஆண்டுகள் ரயில்வேயில் இருந்தவர் என்பதால் ஏதாவது எழுதித் தாருங்கள் என்று ஆசிரியர் குழுவினர் கேட்டார்கள். எனக்குப் பேனாவைவிட ஸ்பேனர்தான் பழக்கம். ஆகவே ஸ்பேனர் பிடிப்பதைப் பற்றியே எழுதுகிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் சித்தூரில் நடந்த பொங்கல் விழா முடிந்து புறப்படும் நேரத்தில், நம் உறுப்பினரான ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் என்னிடம் வந்தார். "சார், வண்டியைக் காயலான் கடைக்குக் கொடுத்துடலாம்னு பார்க்கிறேன். உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?" என்றார். அவர் கணவர் 2011-ல் வாங்கிய மாருதி 800 அது. கணவர் மறைந்த பிறகு மகள் ஓட்டுகிறாள். மாதம் ஒரு முறை சிகிச்சைக்காக வேலூர் செல்ல அந்த அம்மையாருக்கு இருக்கும் ஒரே துணை அந்த வண்டிதான். பஸ்ஸில் ஏறி இறங்க முழங்கால் இடம் கொடுக்காது.

என்ன கோளாறு என்று கேட்டேன். வண்டி நின்ற இடமெல்லாம் எண்ணெய் சொட்டுகிறதாம். ஒரு பட்டறையில் காட்டியிருக்கிறார். அடியில் படுத்துப் பார்த்தவர், "இன்ஜினை இறக்கணும், உள்ளே எல்லாம் மாத்தணும், 28,000 ரூபாய் ஆகும்" என்று சொல்லியிருக்கிறார். ஓய்வூதியத்தில் காலம் தள்ளுகிறவருக்கு அது எத்தனை மாதத்துப் பணம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"டீச்சர், விற்கிறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடுங்க" என்றேன்.

அடுத்த ஞாயிறு திருப்பதியிலிருந்து சித்தூர் போனேன். பானட்டைத் திறந்தால் இன்ஜினின் கீழ்ப்பாதி முழுக்கக் கறுப்புப் பிசுக்கு. அடியிலிருந்து பார்த்த யாருக்கும் இன்ஜினே ஒழுகுவதாகத்தான் தோன்றும். அந்தப் பட்டறைக்காரர் வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் கீழிருந்து பார்த்தார், அவ்வளவுதான். எண்ணெய் கண்ணில் படுவது கீழே, புறப்படுவது மேலே. டீசல் ஷெட்டில் சேர்ந்த முதல் மாதத்திலேயே என் மேஸ்திரி எனக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் இது. கசிவைத் தேடுகிறவன் முதலில் துடைக்க வேண்டும், பிறகு ஓட்ட வேண்டும், பிறகு மேலிருந்து கீழாகப் பார்க்க வேண்டும்.

ஆறிய இன்ஜினை மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் கொண்டு துடைத்து, நன்றாக உலரவிட்டு, காட்பாடி வரை ஓட்டிவிட்டுத் திரும்பி வந்து டார்ச் அடித்துப் பார்த்தோம். கீழ்ப்பகுதி காய்ந்து கிடந்தது. உச்சியில் இருக்கும் டேப்பட் கவரின் விளிம்புக்குக் கீழே மட்டும் ஒரு விரற்கடை நீளத்துக்கு ஈரக்கோடு. போன காரியம் முடிந்துவிட்டது. இறக்க வேண்டியது இன்ஜினை அல்ல, ஒரு ரப்பர் வளையத்தை! கடையில் அதன் விலை 300 ரூபாய்க்குள்தான் வந்தது.

இந்தப் பாகத்தைப் பற்றி வண்டி வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பமும் சிறிதாவது அறிந்திருக்க வேண்டும். புத்தகத்தில் இதற்கு வால்வ் கவர் கேஸ்கட் என்று பெயர். பட்டறையில் டேப்பட் கவர் பேக்கிங் என்பார்கள். தமிழிலும் தெலுங்கிலும் பேக்கிங் பேக்கிங்தான். இன்ஜினின் தலைப்பகுதியில் வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாப்டும் ராக்கர்களும் இருக்கின்றன. அவற்றுக்கு அடியிலிருந்து பம்பு எண்ணெய் அனுப்புகிறது. அந்த எண்ணெய் அங்கே தெறித்து நனைத்துவிட்டுத் தானாகவே கீழே வடிந்து போகிறது. தெறிக்கும் எண்ணெய் வெளியே வராமலிருக்க ஒரு மூடி. மூடிக்கும் தலைக்கும் இடையே ஒரு பேக்கிங். சமையலறையில் குக்கர் மூடிக்கு இருக்கும் ரப்பர் போன்றதுதான். ஆனால் குக்கரைப் போல் இங்கே பெரிய அழுத்தம் கிடையாது. ஆகவே முரட்டுத்தனமாக முறுக்க வேண்டிய அவசியமும் இல்லை. பழைய அம்பாசிடர் காலத்தில் தக்கையில் செய்தார்கள். பிறகு ரப்பர் வந்தது. ஆண்டுக்கணக்கில் சூடேறி ஆறி, சூடேறி ஆறி, ரப்பர் வெறும் பிளாஸ்டிக் குச்சி போல் விறைத்துவிடும். அப்போது கசியத் தொடங்கும். வண்டி கெட்டுவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. வயதாகிவிட்டது, அவ்வளவே.

சின்னக் கசிவுதானே என்று விடவும் கூடாது. நம் தமிழில் ஈரம், கசிவு, சொட்டு, ஒழுக்கு என்று படிப்படியாகச் சொற்கள் இருக்கின்றன. ஈரமாக இருந்தால் துடைத்துவிட்டுக் கவனித்தால் போதும். கசிவென்றால் ஒரு நாள் குறித்துப் பேக்கிங் மாற்ற வேண்டும். சொட்டும் நிலைக்கு வந்தபின் திருமலை மலைப்பாதையில் வண்டியை ஏற்றக் கூடாது என்பது என் திடமான கருத்து. 1974-ல் திறந்த இரண்டாவது மலைப்பாதையில்தான் இன்று வண்டிகள் மேலே ஏறுகின்றன. சிறிய கியரில், முழுச் சுமையோடு அந்த ஏற்றத்தில் போகும்போது புகைபோக்கும் மேனிபோல்டின் சூடு 400 டிகிரியைத் தாண்டும். இன்ஜின் ஆயிலின் ஆவி தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ள 200 டிகிரிக்குச் சற்று மேல் போதும். மேலிருந்து சொட்டும் எண்ணெய் அந்த இரும்பில் விழுந்தால் முதலில் நாற்றம், பிறகு புகை, கெட்ட நேரமாக இருந்தால் நெருப்பு. இன்னொரு பக்கம், கசிந்து கசிந்து ஆயில் அளவு குறைந்தால் உள்ளே பேரிங்குகள் தேயும். அப்போது உண்மையிலேயே இன்ஜினை இறக்க வேண்டிவரும். வாரம் ஒரு முறை டிப் ஸ்டிக்கை உருவிப் பார்ப்பது பெரிய வித்தை அல்ல.

இனி ரயில்வே கதைக்கு வருகிறேன். வேலூரில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து 1982-ல் வேலையில் சேர்ந்தேன். அனந்தப்பூர் மாவட்டத்தில் உள்ள குத்தி டீசல் ஷெட்டில் பல ஆண்டுகள். கடைசிக் காலம் திருப்பதி ரயில் பெட்டிப் பழுதுபார்க்கும் பணிமனையில். 2020-ல் ஓய்வு. குத்தியில் எங்கள் கையில் வந்தவை டபிள்யூ.டி.எம்.-2 இன்ஜின்கள். 2,600 குதிரைத் திறன், 16 சிலிண்டர். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித் தலை, தனி மூடி. அதாவது ஒரு வண்டிக்கு 16 மூடி, 16 பேக்கிங். எந்த மூடியில் கசிவு என்று டார்ச்சும் கந்தல் துணியும் கையுமாக நடந்து நடந்து பார்த்ததில்தான் என் இளமை கழிந்தது என்று சொல்லலாம். அத்தனை பெரிய இன்ஜினுக்கும் டீச்சருடைய மூன்று சிலிண்டர் மாருதிக்கும் விதி ஒன்றே.

அந்த வேலையை எப்படிச் செய்தோம் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். படிக்கிறவர்கள் தங்கள் வண்டியின் கையேட்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்ஜின் முழுதும் ஆறியிருக்க வேண்டும். இரவு நிறுத்திய வண்டியைக் காலையில் தொடுவது நல்லது. பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். எந்தக் குழாயையும் ஒயரையும் கழற்றுமுன் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் காலத்தில் இந்த வசதி இல்லாமல் காகிதத்தில் வரைந்து வைத்துக்கொண்டோம். மூடியைச் சுற்றிலும் மண் இருந்தால் முதலில் துடைத்துவிட வேண்டும். திறந்த பிறகு துடைத்தால் மண் உள்ளே போகும். பெரும்பாலான சிறிய கார்களில் 10 நம்பர் ஸ்பேனரே போதும். போல்ட்டுகளை ஓர் அட்டையில் இருந்த வரிசைப்படியே குத்தி வைக்க வேண்டும். மூடி ஒட்டிக்கொண்டு வராவிட்டால் ஸ்குரூ டிரைவரைச் செருகி நெம்பாதீர்கள். அலுமினியத்தில் ஒரு கீறல் விழுந்தால் ஆயுளுக்கும் அந்த வழியாகக் கசியும். மரக்கட்டையால் பக்கவாட்டில் மெல்லத் தட்டினால் வந்துவிடும்.

திறந்ததும் உள்ளே தெரியும் துவாரங்களைச் சுத்தமான பழைய வேட்டித் துணியால் மூட வேண்டும். எத்தனை துண்டு வைத்தோம் என்று எண்ணி வைக்க வேண்டும். எடுக்கும்போதும் எண்ண வேண்டும். வேலை முடிந்ததும் கருவிகளை எண்ணாமல் எந்த இன்ஜினையும் மூடக்கூடாது என்பது ஷெட்டில் எங்களுக்கு வேதம். பழைய பேக்கிங்கின் மிச்சத்தைக் காலாவதியான ஏ.டி.எம். கார்டால் சுரண்டலாம், இரும்புத் தகடு வேண்டாம். புதுப் பேக்கிங்கை அதன் பள்ளத்தில் உலர்வாக உட்கார்த்துங்கள். சிலிகான் பேஸ்ட்டைச் சுற்றிலும் அப்புவது பலருடைய வழக்கம். அதிகமானது உள்ளே பிதுங்கி, உரிந்து, எண்ணெய் வழியை அடைக்கும். கையேடு சொல்லும் மூலைகளில் மட்டும் ஒரு பொட்டு போதும்.

பிறகு இறுக்குதல். நடுவிலிருந்து தொடங்கி ஓரம் நோக்கி, இரண்டு மூன்று சுற்றாக, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக. சிறு போல்ட்டுக்கு ஏறத்தாழ 10 நியூட்டன் மீட்டர்தான் வேண்டும். அளவு காட்டும் ரெஞ்ச் இல்லாதவர்கள் இப்படி நினைத்துக்கொள்ளலாம்: 20 செ.மீ. நீளக் கைப்பிடியின் நுனியில் 5 கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டால் எவ்வளவு விசையோ அவ்வளவு. அதற்கு மேல் வீரம் காட்டினால் மரை கழன்றுவிடும்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். அன்று என் பேரனையும் கூட அழைத்துப் போயிருந்தேன். வயது 12, பெங்களூரில் படிக்கிறான். வீட்டில் தமிழ் பேசினால் அவன் ஆங்கிலத்தில் பதில் சொல்வான். டார்ச் பிடிக்கும் வேலையை அவனிடம் கொடுத்தேன். "தளர்த்து" என்றால் என்ன, "இறுக்கு" என்றால் என்ன என்று முதல் பத்து நிமிடம் கேட்டான். பிறகு கேட்கவில்லை. "தாத்தா, மரைன்னா என்ன?" என்றான். போல்ட்டில் சுற்றிச் சுற்றி ஓடும் கோட்டைக் காட்டினேன். ஊரில் சில பேரை மரை கழண்ட கேஸ் என்று ஏன் சொல்கிறார்கள் என்று விளக்கினேன். விழுந்து விழுந்து சிரித்தான். அன்று மாலைக்குள் கசிவு, பிசுக்கு, விளிம்பு, நெம்பு, துருவு, சுரண்டு என்று எத்தனையோ சொற்கள் அவன் வாயில் வந்துவிட்டன. பாடப்புத்தகத்தைக் கையில் கொடுத்து உட்கார வைத்திருந்தால் இவற்றில் பாதியாவது வந்திருக்குமா என்பது சந்தேகமே. சொல்லும் பொருளும் ஒரே நேரத்தில் கைக்கு வந்தால் மறக்காது.

நிற்க. என் பெருமையை மட்டும் சொல்லிக்கொண்டு போனால் நியாயமாகாது. மூன்று மாதம் கழித்து டீச்சர் போன் செய்தார். "சார், மறுபடியும் ஈரமா இருக்கு." எனக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. மறுபடி சித்தூர் போனேன். பேக்கிங் புதிதாகவே இருந்தது, இறுக்கமும் சரி. அப்போதுதான் முதல் நாளே பார்த்திருக்க வேண்டியதைப் பார்த்தேன். மூடியிலிருந்து ஏர் பில்டர் பக்கம் போகும் பிரீதர் குழாய் உள்ளே தார் போன்ற கசடால் அடைந்து கிடந்தது. இன்ஜின் ஓடும்போது பிஸ்டனைத் தாண்டிக் கொஞ்சம் காற்று கீழே இறங்கும். அது வெளியேற வேண்டிய மூச்சுக்குழாய் அது. மூச்சு அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, எங்கே பலவீனமோ அங்கே எண்ணெயைத் தள்ளும்.

இதில் எனக்கு வெட்கம் என்னவென்றால், இதைப் பற்றி அதிகம் தெரிந்திருக்க வேண்டியவன் நான். டபிள்யூ.டி.எம்.-2 இன்ஜினில் கிராங்க் கேஸிலிருந்து காற்றை இழுத்து வெளியேற்றவே ஒரு மோட்டார் விசிறி உண்டு. உள்ளே போதிய இழுப்பு இருக்கிறதா என்று கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டம் வைத்து நாங்கள் அளப்போம். மூடிகளில் கசிவு என்றால் அந்த விசிறியையும் பார் என்று இளைஞர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவனே சின்ன வண்டிதானே என்று அலட்சியமாக இருந்துவிட்டேன். குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினேன். டீச்சரிடம் மன்னிப்பும் கேட்டேன். எண்ணெய் எங்கே வருகிறது என்று கண்டுபிடித்தால் பாதி வேலைதான். ஏன் வருகிறது என்பதையும் கேட்க வேண்டும்.

என் மகன் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்பா, உங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கும் திருப்பதி சித்தூர் பெட்ரோலுக்கும் கணக்குப் போட்டால் மெக்கானிக்கிடமே கொடுத்திருக்கலாம்" என்றான். கணக்கு சரிதான். நான் மெக்கானிக்குகளின் வயிற்றில் அடிக்கச் சொல்லவில்லை. அவர்களில் எத்தனையோ பேர் எங்கள் ஷெட் மேஸ்திரிகளுக்கு இணையான கைத்திறன் உள்ளவர்கள். மூடியைத் திறந்து பார்த்த அனுபவம் உள்ளவர் பட்டறைக்குப் போனால், "டேப்பட் கவர் பேக்கிங்கில் கசிகிறது, பிரீதரையும் பாருங்கள்" என்று சொல்வார். நல்ல மெக்கானிக் அப்படிப்பட்டவரை மதிப்பார். ஒன்றும் அறியாதவர் 28,000 என்ற எண்ணைக் கேட்டுப் பயந்து வண்டியையே விற்பார். வேற்றுமொழி ஊரில் வாழும் நமக்கு இது இன்னும் பொருந்தும். தெலுங்கு சரளமாக வராத முதியவர்கள் விவரம் கேட்கவே தயங்குகிறார்கள்.

எதையும் வீட்டில் செய்யலாம் என்றும் நான் சொல்லவில்லை. வாரண்டி உள்ள வண்டியைத் தொட வேண்டாம். மூடியைக் கழற்ற இன்ஜெக்டர் குழாய்களையோ எரிபொருள் பம்பையோ கழற்ற வேண்டும் என்றால் விட்டுவிடுங்கள். பல புதிய டீசல் வண்டிகள் அப்படித்தான். டைமிங் பெல்ட், பிரேக் ஆகியவற்றில் கை வைக்க வேண்டாம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் ஒருபோதும் படுக்க வேண்டாம். பெட்ரோலால் இன்ஜினைக் கழுவ வேண்டாம். எண்ணெய்த் துணியைச் சாக்கடையில் போடவும் வேண்டாம். சித்தூர் நீவா நதியும் திருப்பதிப் பக்கத்துச் சுவர்ணமுகியும் ஏற்கெனவே பட்டது போதும்.

நம்மில் பலருடைய குடும்பங்கள் ரயிலோடு இந்த ஊர்களுக்கு வந்தவை. பாகாலா மீட்டர் கேஜ் சந்திப்பாக இருந்த நாட்களில் பயர்மேனாக, பிட்டராக, பாயிண்ட்ஸ்மேனாக வந்த தாத்தாக்களின் கைகளால்தான் நமக்கு இங்கே வீடும் படிப்பும் கிடைத்தன. அந்தக் கைகளில் இருந்த கறையைக் கழுவிவிட வேண்டும் என்றே நாம் பிள்ளைகளைப் படிக்க வைத்தோம். அதில் தவறில்லை. ஆனால் கறையோடு சேர்த்துக் கையின் அறிவையும் கழுவிவிட்டோமோ என்று எனக்குச் சில நாட்களாகக் கவலை.

ஆகவே சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஞாயிறு தமிழ் வகுப்பு நடத்துகிறோம், பட்டிமன்றம் நடத்துகிறோம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, ஒரே ஒரு ஞாயிறு, கைவேலை நாள் ஒன்று வைத்துப் பார்க்கலாம். ஒரு பழைய இன்ஜின் தலையை மேசை மேல் வைத்துக்கொண்டால் போதும். பையன்களோடு பெண் பிள்ளைகளும் வர வேண்டும். பேச்சு முழுவதும் தமிழில். பிட்டராக, எலக்ட்ரீஷியனாக, தையற்காரராக வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர்கள் நம்மிடையே எத்தனை பேர் இருக்கிறார்கள்! மேடையில் அவர்களுக்குப் பொன்னாடை போர்த்துவதோடு நிறுத்திவிடாமல், ஒரு மேசையைக் கொடுத்து உட்கார வைப்போம். முதல் நாளுக்கு நான் ஸ்பேனர் பெட்டியோடு வரத் தயார்.

டீச்சரின் வண்டி இன்றும் மாதம் தவறாமல் வேலூர் போய் வருகிறது. அவர் மகள் வாரா வாரம் வண்டிக்கு அடியில் ஒரு பழைய அட்டையைப் போட்டு வைத்துக் காலையில் எடுத்துப் பார்க்கிறாள். சென்ற மாதம் போன் செய்தபோது, "அட்டை காய்ஞ்சுதான் இருக்கு சார். பிரீதரை நானே கழட்டிச் சுத்தம் பண்ணிட்டேன்" என்றாள்.